தாய்மாமன் கையெழுத்து

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஏதாவது நல்லதாப் பேசுங்க சார்" என்று செயலாளர் போனில் சொன்னார். வழக்கமாக விடுதிச் சாம்பாரைப் பற்றிப் பேசி உங்களைச் சிரிக்க வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இந்தத் தடவை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலரின் கடைசியில் முகவரிப் பட்டியல் இருக்கிறது, பாருங்கள். பல பெயர்களுக்கு எதிரே "முகவரி தெரியவில்லை" என்று போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் என் நண்பன். எந்த வருடம், எந்தப் பிரிவு என்று சொல்லமாட்டேன். அவன் முகவரி தெரியாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு.

எனக்குச் சொந்த ஊர் மங்கலம்பேட்டை. கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோவில் தேருக்குப் போய் வளர்ந்தவன். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் மாதாவுக்குத் தமிழ்ப் பெண்ணின் கோலம் கொடுத்து வைத்த கோவில் அது. அவனும் கத்தோலிக்கன்தான். ஒரு நாள் ராத்திரி, கரண்டு போயிருந்தது. "எனக்குப் பொம்பளைங்க மேல மனசு போகலடா. கல்யாணம் பண்ணி ஒரு பொண்ணை ஏமாத்தவும் மனசு வரல" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? டார்ச்சு விளக்கைப் பிடித்துக்கொண்டு லேவியர் ஆகமத்தில் பதினெட்டாம் அதிகாரத்தை எடுத்து அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த வாரமே வேறு அறைக்குப் போய்விட்டான். வேத வசனம் சொன்ன திருப்தியில் நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று வருடங்கள் ஓடிவிட்டன. அவனை நான் நினைத்தேன் என்று சொன்னால் பொய்.

என் அக்காள் மகள் சென்னையில் இருக்கிறாள். அவளும் இன்னொரு பெண்ணும் பதினோரு வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். (இதைச் சொல்லலாம் என்று அவளே அனுமதி கொடுத்தாள். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.) சிநேகிதிகள், வாடகையைப் பங்கு போடுகிறார்கள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். உண்மை எல்லோருக்கும் தெரியும், வாயில்தான் வராது. என் அக்காள் படுத்த படுக்கையானபோது, மகளுக்கு லீவு கிடைக்காத நாட்களில் அந்தப் பெண்தான் எங்கள் ஊருக்கு வந்து தங்கினாள். உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டி, அக்காள் சொன்ன செபமாலைக்கு மறுமொழி சொல்லி, நாற்பது நாள் இருந்தாள். அவள் கிறிஸ்தவள்கூட இல்லை. அடக்கத்தன்று அவள் தெரு ஓரமாக நின்றாள். உள்ளே வா என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து என் மருமகளுக்கு அவசரமாக ஆப்பரேஷன். அந்தப் பெண்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். "நீங்க பேஷண்டுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்கள். "சிநேகிதி" என்றால் படிவத்தில் அதற்கு இடம் இல்லையாம். எனக்குப் போன் வந்தது. விருத்தாசலம் போய் பஸ் பிடித்து நான் போய்ச் சேர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை வலியோடு கிடந்தாள். "தாய்மாமன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்குப் பார்க்கிற என் கையெழுத்து செல்லும். பதினோரு வருடம் கூட இருந்தவள் கையெழுத்து செல்லாது. அந்த வராந்தாவில்தான், இத்தனை வருடம் கழித்து, என் விடுதி நண்பன் நினைவுக்கு வந்தான்.

இப்போது சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இது குற்றமல்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் 2023 அக்டோபர் 17ஆம் தேதி, ஒரே பாலினத்தாரின் திருமணத்தை 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் சேர்க்க மறுத்து, அது நாடாளுமன்றம் செய்யவேண்டிய வேலை என்று விட்டுவிட்டது. மறு ஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. 2025 மே மாதம் நம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்க வழி என்பதில்லை, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னது. அது பெரிய ஆறுதல். ஆனால் ஆஸ்பத்திரிப் படிவம் மாறவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் செய்த காரியம். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு அது. இந்த விஷயத்தில் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். நாற்காலியில் இருப்பவர் "எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்" என்கிறார்! இருபது வயதில் டார்ச்சு விளக்கோடு எல்லாம் தெரிந்தவன் நான்.

"சார், வேதத்தில் இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. பதினெட்டாம் அதிகாரமும் இருக்கிறது, பவுல் உரோமையருக்கு எழுதியதும் இருக்கிறது. மழுப்பலாக விளக்கம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அன்றைக்கு நான் பக்கத்தைத் திருப்பவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே அயலானைத் தன்னைப் போல் நேசிக்கச் சொல்லும் கட்டளை இருக்கிறது. நான் எதை வாசித்தேன், எதை விட்டேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. அதோடு, நாம் உறுதியாக நம்பியதெல்லாம் வேதமாகிவிடாது. நம் பக்கத்து எறையூரில் கோவிலையும் பாதையையும் முன்னிட்டுக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிச் சண்டை வந்து, 2008 மார்ச்சில் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்றே. ஒரே ஞானஸ்நானம் என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள்தானே எல்லோரும்?

நான் பங்குச் சாமியாரிடம் போய் இவர்களுக்கு மெய்விவாகம் நடத்துங்கள் என்று கேட்கவில்லை. அது திருச்சபையின் தேவதிரவிய அனுமானம். அதன் சட்டம் எனக்குத் தெரியும். 2023 டிசம்பரில் வத்திக்கான், ஒரே பாலின இணையருக்குத் திருமணச் சடங்கு போலத் தோன்றாதபடி குருக்கள் ஆசி கொடுக்கலாம் என்றது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேதான் என்பதையும் சேர்த்தே சொன்னது. சரி. நான் கேட்பது சர்க்கார் பதிவை. நம் திருச்சபை விவாகரத்தை ஏற்பதில்லை. ஆனால் கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்துச் சட்டம் 1869 முதல் இருக்கிறது. அதனால் எந்தக் கோவிலாவது இடிந்து விழுந்ததா? அதுபோல இதையும் சட்டம் கொடுக்கட்டும். ஒரு கிறிஸ்தவனாகவே நான் இதை ஆதரிக்கிறேன். வாழ்விலும் தாழ்விலும், உடல் நலத்திலும் நோயிலும் கைவிடமாட்டேன் என்று பீடத்தின் முன்னால் நானும் என் மனைவியும் வாக்குக் கொடுத்தோம். அதை இன்னொரு வீட்டில் அப்படியே கண்டபிறகு, அது பாவம் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் சித்திரை பௌர்ணமிக்குக் கூவாகம் போகிற பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வார்கள், மறுநாள் அறுத்துக்கொண்டு அழுவார்கள். அது வேறு, இது வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது. ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றும். விடிந்தால் அறுகிற தாலிக்கு ஊரே வளையல் கடை போடுகிறது. காலம் முழுக்கச் சேர்ந்திருக்கிறோம் என்று இரண்டு பேர் கேட்டால்தான் நமக்குக் கோபம் வருகிறது.

போன மாதம் மருமகள் போன் பண்ணினாள். வருகிற தை மாதம் வீட்டிலேயே இருபது பேருக்குச் சாப்பாடு வைக்கிறார்களாம். "மாமா, அம்மா இல்லை. நீங்க வந்து ஒரு செபம் பண்ணுவீங்களா?" என்றாள். வருகிறேன் என்றேன். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "தாய்மாமன் சீருக்கு ஒரு சேலையா, இரண்டு சேலையா?" என்று கேட்டாள். வருகிறேன் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. முகவரிப் பட்டியலில் இந்த வருடம் என் கதவு எண்ணையும் போன் நம்பரையும் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். போன வருடம் நம்பரில் ஒரு இலக்கம் தப்பாக இருந்தது. மலர் கை மாறி யாரிடம் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது அல்லவா?