பருவமும் குப்பையும்

யாழ்ப்பாணத்து வளவொன்றின் கோடிப்புறத்தைப் பன்னிரண்டு மாதமும் பார்த்து வருபவருக்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. கிடக்கும் குப்பையைக் கொண்டே மாதத்தைச் சொல்லிவிடலாம். மாசி, பங்குனியில் வேப்பஞ்சருகு. வைகாசி, ஆனியில் மாங்கொட்டையும் பலாச் சக்கையும். ஆவணி, புரட்டாதியில் பனங்கொட்டை. ஐப்பசி பிறந்து வாடைக்காற்றோடு மாரி இறங்கியதும் விழுந்ததெல்லாம் ஈரம். சருகுங்கூட ஒரு வாரத்தில் கறுத்து அழுகிவிடும்.

இந்த ஒழுங்கை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பனம்பழத்தைப் பிழிந்து பனாட்டுக்குக் களி எடுத்தபின் எஞ்சும் கொட்டை, வேறெங்கும் எறியப்படும் பொருளே. இங்கோ அது பாத்தியில் அடுக்கப்பட்டது. மாரி மழை தானே நீர் வார்க்கும். தை, மாசியில் கிழங்கு கிளறப்படும். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல், அவியாது உலர்த்தினால் ஒடியல். கிழங்கு போக மிஞ்சிய ஊமல் அடுப்புக்கு விறகாயிற்று. விறகு எரிந்தபின் ஊமற்கரியும் பயன்பட்டது. ஒரு பழத்திலிருந்து இத்தனை முறை பயன்கொண்ட மக்கள், குப்பை என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொண்டிருப்பர் என்று வியக்கத் தோன்றுகிறது.

வேலியும் அவ்வாறே. கோடையில் புதிய பனையோலை கொண்டு வேலி அடைக்கும்போது கழற்றப்படும் உக்கிய பழைய ஓலை, தோட்டத்து மண்ணில் தாழ்க்கப்பட்டது. பூவரசங் குழையும் அதனோடு சென்றது. மழை அவற்றை உக்கவைத்துப் பசளையாக்கியது.

இக்காலத்துக் குப்பை கோடிப்புறத்தில் தங்குவதில்லை. பையிலே கட்டப்பட்டு வாசலுக்கு வருகிறது. அதனுள் மரக்கறித் தோலும் மீன் செதிலும் பிளாஸ்டிக் தாளும் ஒன்றாய்க் கிடக்கின்றன. இலங்கையில் வீட்டுக் குப்பையின் பாதிக்கு மேற்பட்ட பங்கு உக்கக் கூடியதே. ஆயினும் அப்பங்கே நீரை மிகுதியாகக் கொண்டது. மாரியில் மூடியற்ற தொட்டியில் நனையும்போது அது இன்னும் கனக்கும். வண்டி சுமப்பதில் பெரும்பகுதி தண்ணீர். அதற்கும் எரிபொருட் செலவு உண்டு.

குப்பையை எரித்து மின்சாரம் பெறும் நிலையமொன்று கெரவலப்பிட்டியில் 2021 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் ஆற்றல் 10 மெகாவாற்று. ஆனால், ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 540 கிலோகலோரி வெப்பம் செல்கின்றது. அவ்வெப்பம் மின்சாரமாக வேண்டியது. நீராவியாய்ப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. ஆகவே மழைக்காலக் குப்பையும் கோடைக்காலக் குப்பையும் ஒரே எரிபொருள் ஆகமாட்டா.

மழையும் கலந்த குப்பையும் சேர்ந்தால் யாது நேரும் என்பதை 2017 ஏப்ரல் 14 ஆந் திகதி நாடு கண்டது. கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில், புத்தாண்டு நாளன்று, மலைபோற் குவிந்திருந்த குப்பைமேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். முந்திய நாட்களிற் பெய்த மழை அம்மேட்டினுள் ஊறியிருந்தது. வடக்கில் மேடு சரியும் அச்சம் குறைவு; ஆனால் இங்கு நிலம் சுண்ணக்கல். குப்பையிலிருந்து ஒழுகும் கசிவு மழைநீரோடு சேர்ந்து பாறை வெடிப்புகள் வழியே கிணற்றை அடையக்கூடும்.

கூட்டெருவுக்கும் பருவம் உண்டு. குவியலில் நூற்றுக்கு 50 முதல் 60 பங்கு ஈரம் இருப்பது நன்று. கோடையில் அது காய்ந்து, உக்குதல் நின்றுவிடும். நீர் தெளிக்க வேண்டும். மாரியில் நீர் நிறைந்து காற்றுப் புகாமல் நாற்றம் எழும். மேலே ஓலைக் கூரை வேண்டும். அதனினும் முக்கியமானது, ஈரமான சமையற் கழிவோடு உலர்ந்த சருகைக் கலப்பது. அச்சருகோ மாசி, பங்குனியிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்நாளில் அதைக் கூட்டிக் கொளுத்துவதே துப்புரவு என்று எண்ணுகின்றனர். பாடசாலை வளவுகளிலுங்கூட அப்புகையைக் காணலாம். வேண்டாத காலத்தில் எரித்ததைத்தான், வேண்டிய காலத்தில் இல்லையென்று தேடுகின்றனர்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டபோது இக்குறை வெளிப்பட்டது. சேதனப் பசளை திடீரென எங்கும் தேவைப்பட்டது. கூட்டெரு உருவாக இரண்டு மூன்று மாதங்களேனும் செல்லும். காலபோகத்துக்கு வயலில் இடவேண்டியதை ஆனி, ஆடியிலேயே குவித்திருத்தல் வேண்டும். அதற்குரிய சருகை அதற்கும் முன்னரே சேர்த்திருத்தல் வேண்டும். நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் அவ்வாண்டின் காலபோகம் தொடங்கிவிட்டிருந்தது.

மாரியிற் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. சிரட்டை, தயிர்ச்சட்டி, பிளாஸ்டிக் கோப்பை ஆகியவற்றில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். வடக்கில் அந்நோய் மார்கழி, தையில் மிகுவது இதனாலேயே. சிரட்டை நல்ல விறகு. சட்டியோ செடி வைக்க உதவும். ஐப்பசி வருமுன் இவை கூரைக்குக் கீழே சென்றுவிடவேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு இதற்கு வேண்டிய இடம் அதிகமன்று. வேப்பஞ்சருகு நாலைந்து சாக்குகளில் அடைக்கப்பட்டு, கார்த்திகை வரை நனையாமல் கோடிப்புறத் தாழ்வாரத்தில் இருந்தாற் போதும்; அடுக்களையிலிருந்து வரும் ஒவ்வொரு கடகத்துக்கும் மேலே இரண்டு கைப்பிடி தூவலாம்.