வெந்த பாறையும் வேகாத பாறையும்

சென்னைப் புளியந்தோப்பிலிருந்து மணலி தூரமில்லை. 1969இல் ஓடத் தொடங்கிய அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குக் கச்சா எண்ணெய் பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது. அந்த ஆலையை நடத்தும் நிறுவனமே 1993இல் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் இன்னோர் ஆலையைத் திறந்தது, காவிரிப் படுகையின் நரிமணத்து எண்ணெயை நம்பி. காவிரிப் படுகைக்கு அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது?

எண்ணெய் தங்குவது பெரும்பாலும் மணற்பாறையில், பிறப்பது வேறிடத்தில். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் பாசியும் இலைதழையும் காற்றுப் புகாத சேற்றில் புதைந்து, இறுகிக் கறுத்த களிப்பாறை ஆயின. அதுதான் மூலப்பாறை. காவிரிப் படுகையில் முக்கியமாகச் சொல்லப்படுவது ஆழத்தில் கிடக்கும் ஆண்டிமடம் படிவம்.

ஒரு மூலப்பாறை எண்ணெய் தருமா என்று அறிய, கிணறு தோண்டும்போது துளையிடும் சேற்றோடு மேலே வரும் பாறைச் சில்லுகளைக் கழுவி, உலர்த்தி, பொடிக்கிறார்கள். நூறு மில்லிகிராம் போதும், ஒரு சிட்டிகைகூட வராது. காற்றில்லாத அடுப்பில் அதை 300 டிகிரிக்குச் சூடாக்கினால், ஏற்கெனவே உருவான எண்ணெய் ஆவியாகிறது. பிறகு நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் ஏற்றினால், அந்தப் பாறை இனிமேல் தரக்கூடியது வெளிவருகிறது. அது உச்சமாக வரும் வெப்பநிலை 435 டிகிரிக்குக் கீழே இருந்தால் பாறை இன்னும் பச்சை. 470 வரை எண்ணெய்ப் பதம். அதற்கும் மேலே போனால் எரிவாயுதான். 1970களில் பிரெஞ்சுப் பெட்ரோலிய நிறுவனம் வடிவமைத்த இந்தக் கருவி எனக்கு இன்றும் வியப்பு.

பாறையில் கரிமம் அரை விழுக்காடுகூட இல்லையென்றால் பொதுவாகக் கைவிட்டுவிடுவார்கள். பாசி மிகுந்திருந்தால் எண்ணெய், நிலத் தாவரம் மிகுந்திருந்தால் பெரும்பாலும் எரிவாயு.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. சில மீட்டர் கீழே போனாலே பாறையின் குணம் மாறிவிடும். துளையிடும் சேற்றில் டீசல் கலந்திருந்தால் அந்த எண்ணெயைப் பாறையின் எண்ணெய் என்று கருவி காட்டிவிடும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் அம்மோனைட் புதைபடிவங்களோடு களிப்பாறை வெயிலில் கிடக்கிறது. ஆனால் எவ்வளவு செழிப்பான பாறையானாலும், ஆழத்தில் புதைந்து சூடு படாவிட்டால் எண்ணெய் தராது.

காவிரி டெல்டாவில் எண்ணெய்க் கிணறுகள் பெரும்பாலும் யாரோ ஒருவர் வயலை ஒட்டித்தான் இறங்கின. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அங்கே புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்டத் தடை விதித்தது. பழைய கிணறுகளில் ஏற்கெனவே எடுத்த சில்லுகளை மறுபடி சோதிக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு எந்த வயலிலும் கால் வைக்கத் தேவையில்லை.