வீட்டுப் பராமரிப்பின் தரம்: நோயாளியின் பாதுகாப்பும் உழைப்பவரின் பாதுகாப்பும் ஒன்றே

(பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதித் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூணாறு, பீர்மேடு தோட்டங்களிலும், சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி கிராமங்களிலும் படுக்கையில் கிடக்கும் முதியவர்களை யார் கவனிக்கிறார்கள்? இதைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே கேரள மக்களில் 12.6 சதவீதத்தினர் அறுபது வயதை எட்டியவர்கள். இந்திய மாநிலங்களில் இதுவே மிக அதிகம். பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் சென்றுவிட்ட வீடுகளில் இந்தச் சுமை முழுவதும் பெண்களின் தலைமீதே விழுகிறது.

வீட்டுப் பராமரிப்பை மக்கள் பொறுப்பாக மாற்றிய பெருமை கேரளத்திற்கு உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் சிறு அளவில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை, தன்னார்வலர்களால் ஊர்தோறும் பரவியது. 2008இல் இடது ஜனநாயக முன்னணி அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. தனிப் பயிற்சி பெற்ற செவிலியரும் ஆஷா ஊழியரும் தன்னார்வலரும் நோயாளியின் வீட்டுக்கே செல்வதைப் பஞ்சாயத்துகள் தமது கடமையாக ஏற்றன. பணம் உள்ளவனுக்கு மட்டுமே கவனிப்பு என்ற நியதியை உடைத்த சாதனை இது. ஆகவேதான் இதன் குறைகளையும் நாமே முதலில் பேச வேண்டும்.

தரம் என்றால் என்ன? படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால்தான் படுக்கைப் புண் வராது. சிறுநீர்க் குழாயைத் தொடுமுன் கை கழுவாவிட்டால் தொற்று ஏற்படும். புற்றுநோய் வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரையை, வலி வரட்டும் என்று காத்திராமல், மருத்துவர் சொன்ன மணிக்கணக்கில் கொடுக்க வேண்டும்; கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து வேண்டும். செவிலியர் வந்து போகும் நேரம் குறைவு. மீதிப் பொழுதெல்லாம் மனைவியோ மருமகளோ மகளோதான் செவிலியர். சொன்னது அவருக்குப் புரிந்ததா என்பதே உயிர்ப் பிரச்சனை.

மலையாள எழுத்தை வாசிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளியின் கையில் மலையாளக் குறிப்பைக் கொடுத்துவிட்டுச் சென்றால், அது கொடுக்காததற்குச் சமம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் வகை செய்துள்ளது. மனுவுக்குத் தமிழில் பதில் தர வேண்டுமென்றால், மாத்திரை உறையில் தமிழ் ஏன் இருக்கக் கூடாது? இதை மொழிப் பற்று சார்ந்த கோரிக்கையாக மட்டும் பார்க்காதீர்கள். இது நோயாளியின் பாதுகாப்புக் கோரிக்கை.

அடுத்து, வீடு. தோட்டத் தொழிலாளிக்கு லயம் சொந்தமல்ல. வேலை இருக்கும்வரைதான் கூரை. ஆயுள் முழுதும் கொழுந்து பறித்து முதுகு வளைந்தவர், ஓய்வு பெற்றபின் பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலை செய்தால்தான் அங்கே தங்க முடிகிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் மருத்துவத்தையும் நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. ஆனால் 2000ஆம் ஆண்டையொட்டி பீர்மேடு பகுதியில் முதலாளிகள் தோட்டங்களைக் கைவிட்டபோது, ஒழுகும் கூரைகளே எஞ்சின. கழிப்பறை வெளியே, படிக்கட்டு வழுக்கும் என்ற நிலையில் முதியவர் விழாமல் இருக்க அறிவுரை மட்டும் போதுமா?

இனி, பராமரிக்கும் உழைப்பாளி. பல பஞ்சாயத்துகளில் செவிலியர் ஒப்பந்தப் பணியாளரே. ஆஷா ஊழியருக்கு ஒன்றிய அரசு இன்றும் சூட்டியிருக்கும் பெயர் தன்னார்வலர். அவர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டுமென்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தும் பலனில்லை. எல்லைக் கிராமங்களிலிருந்து ஏஜென்சிகள் வழியாக ஹோம் நர்ஸ் வேலைக்கு நகரங்களுக்குச் செல்லும் நம் பெண்களின் நிலை இன்னும் மோசம். இரவு பகலாக ஒருவரே கண்விழிக்க வேண்டும். கனத்த உடலைத் தனியே தூக்க வேண்டும். கூலியில் ஏஜென்சிக்குப் பங்கு. வீடும் பணியிடமே என்று 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சொல்கிறது. புகாரை எங்கே கொடுப்பது என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? வீட்டுப் பணியாளர் உரிமைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. தூங்காத கண் மாத்திரையின் அளவைத் தவறாகப் பார்க்கும். வலிக்கும் முதுகு நோயாளியைக் கீழே போடும். ஆகவே, உழைப்பவரின் ஓய்வும் கூலியும் இல்லாத தரநிர்ணயம் காகிதத்தோடு நின்றுவிடும்.

மாநில எல்லையாலும் ஒரு சிக்கல் உண்டு. மூணாற்றுக்காரர் தேனிக்கும், கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் சிகிச்சைக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடி வருகிறது. கேரளப் பஞ்சாயத்தின் செவிலியரும் வீடு தேடி வருகிறார். ஆனால் இரண்டும் சோதனைச்சாவடியோடு நின்றுவிடுகின்றன. வீடு திரும்பும் நோயாளியின் விவரம் அவருடைய பஞ்சாயத்துக்குப் போய்ச் சேர ஒரு வழி வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. எல்லைப் பஞ்சாயத்துகளில் தமிழ் அறிந்த செவிலியர், தமிழில் மருந்துக் குறிப்பு. பராமரிப்புப் பணியாளருக்கு நிரந்தரப் பணி, சட்டக் கூலி, வார ஓய்வு. ஹோம் நர்ஸ் ஏஜென்சிகளுக்குக் கட்டாயப் பதிவும் கண்காணிப்பும். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு.

கோரிக்கையோடு நம் வேலை முடியாது. ஒவ்வொரு கிளையும் தன் வார்டில் படுக்கையில் இருப்போரின் பட்டியலை எடுக்கட்டும். கடைசியாகச் செவிலியர் வந்தது என்று, மருந்து புரிகிறதா, இரவில் உடனிருப்பது யார் என்று கேட்டு எழுதட்டும். அந்தப் பட்டியலோடு கிராம சபைக்குச் செல்வோம். உழைத்து ஓய்ந்த உடலுக்கும், அதைத் தாங்கிப் பிடிக்கும் கைகளுக்கும் சேர்த்தே போராடுவோம்.