கை பிரேக்: காரின் நங்கூரம்



விழிஞ்ஞம் ஒரு கடற்கரை ஊர். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே மீன்பிடித் துறைமுகம் உண்டு. 2024 ஜூலை மாதம் புதிய துறைமுகத்துக்கு முதல் பெரிய சரக்குக் கப்பலும் வந்தது.

கடலில் படகு நிற்க நங்கூரம் வேண்டும். தேர் நிற்க முட்டுக்கட்டை வேண்டும். திருவாரூர்த் தேர் மிகப் பெரியது. அதற்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் பிரேக்கே பொருத்திக் கொடுத்தது. கார் நிற்க என்ன வேண்டும்? கை பிரேக் வேண்டும்.

விழிஞ்ஞத்திலும் பக்கத்துக் கோவளத்திலும் கடலை நோக்கி இறங்கும் சாலைகள் உண்டு. இறக்கத்தில் ஒரு டாக்சி நிற்கிறது. ஓட்டுநர் டீ குடிக்கப் போகிறார். கை பிரேக் பிடிக்கவில்லை என்றால் என்ன ஆகும்? வண்டி மெல்ல நகரும். பிறகு வேகம் எடுக்கும். கீழே குழந்தைகள் விளையாடலாம். மீன் கூடையோடு ஒரு தாய் ஏறி வரலாம்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பொது இடத்தில் வண்டியை விட்டு இறங்கும் ஓட்டுநர் என்ஜினை நிறுத்த வேண்டும். பிரேக் போட வேண்டும். வண்டி தானாக நகராதபடி செய்ய வேண்டும்.

கை பிரேக் எப்படி வேலை செய்கிறது?

ஓட்டுநர் பக்கத்தில் ஒரு பிடி இருக்கிறது. அதை இழுத்தால் ஒரு கம்பிக் கயிறு இழுபடும். அதற்குக் கேபிள் என்று பெயர். கேபிள் பின்சக்கரங்களுக்குப் போகிறது. சக்கரத்துக்குள் வட்டமான டிரம் இருக்கிறது. டிரம்முக்குள் இரண்டு பிரேக் ஷூ இருக்கின்றன. கேபிள் இழுத்ததும் ஷூ விரிந்து டிரம்மை அழுத்தும். சக்கரம் சுற்றாது. மாருதி 800, அம்பாசிடர் கார்களில் இந்த அமைப்புதான். இரண்டின் தயாரிப்பும் 2014இல் நின்றுவிட்டது. ஆனாலும் இதே முறை இன்னும் பல கார்களில் இருக்கிறது.

கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிடியை இழுக்கும்போது 'கடக், கடக்' என்று சத்தம் கேட்கும். அதை எண்ண வேண்டும். எத்தனை சத்தத்தில் பிரேக் பிடிக்க வேண்டும் என்று காரோடு வரும் புத்தகத்தில் எழுதியிருக்கும். எழுத்துப் படித்தவருக்கு அந்தப் புத்தகம் நல்ல துணை.

சத்தம் கூடுதலாக வந்தால் கேபிள் தளர்ந்திருக்கலாம். ஷூ தேய்ந்திருக்கலாம். ஒன்றிரண்டு சத்தத்திலேயே இறுகினால் கேபிள் மிக இறுக்கமாக இருக்கிறது. பிடி கனமே இல்லாமல் மேலே வந்தால் கேபிள் அறுந்திருக்கலாம். பிடியை இறக்கிய பிறகும் சக்கரம் இறுகியே இருந்தால் கேபிள் துருப்பிடித்திருக்கலாம். கடற்கரை ஊரில் உப்புக் காற்று இரும்பைச் சீக்கிரம் தின்னும்.

வீட்டில் எப்படிச் சரி செய்வது?

சமதரையில் காரை நிறுத்த வேண்டும். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான இரும்பு ஸ்டாண்டு மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. செங்கல் வைக்கக் கூடாது, அது உடைந்துவிடும். காருக்கு அடியில் ஒருவரும் போகக் கூடாது.

முதலில் கால் பிரேக்கைப் பல முறை அழுத்தி விட வேண்டும். தானாகச் சரியாகும் ஷூ என்றால் அது இடத்துக்கு வரும். ஷூ தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். தேய்ந்த ஷூவை வைத்துக்கொண்டு கேபிளை மட்டும் இறுக்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல.

பிறகு கை பிரேக்கை முழுவதும் இறக்க வேண்டும். பல கார்களில் பிடியின் அடியில், மூடிக்குள் ஒரு நட்டு இருக்கும். அதை ஸ்பானரால் கொஞ்சம் இறுக்க வேண்டும். பிடியை இழுத்து எண்ண வேண்டும். போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். சரியான எண்ணிக்கை வந்ததும் இரண்டு பின்சக்கரங்களையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் போட்டால் இரண்டுமே சுற்றக் கூடாது. இறக்கினால் இரண்டுமே தடையில்லாமல் சுற்ற வேண்டும். உரசினால் நட்டைத் தளர்த்த வேண்டும். உரசிக்கொண்டே ஓடினால் டிரம் சூடேறும். ஷூ வீணாகும். பெட்ரோலும் வீணாகும்.

வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு, லேசான சரிவில் சோதிக்க வேண்டும். ஓட்டுநர் உள்ளேயே இருக்க வேண்டும். முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. கை பிரேக்கைப் போட்டு, காலை மெல்ல எடுக்க வேண்டும். வண்டி நகர்ந்தால் உடனே கால் பிரேக்கை அழுத்த வேண்டும்.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் கசிந்தால் போக வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் பிடித்தாலும், கேபிள் துருப்பிடித்தாலும், அறுந்தாலும் போக வேண்டும். பிடிக்குப் பதில் பொத்தான் உள்ள புதிய கார்களில் வீட்டில் கை வைக்கக் கூடாது. டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவும் கூடாது. பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

கை பிரேக் நன்றாக இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர் போட வேண்டும். இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர் போட வேண்டும். முன்சக்கரத்தைச் சாலையின் இடது ஓரம் நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைக்கலாம். கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையில் விட்டுவிடாமல் ஓரமாக எடுத்துப் போட வேண்டும். இருட்டில் பின்னால் சைக்கிளில் வருபவர் அதில் இடறி விழக் கூடாது அல்லவா?