மருந்தாய்வும் நம் ஒப்புதலும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி ஆழ்வார்பேட்டையில் நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்நகரின் மருத்துவமனை ஒன்றில் நெறிமுறைக் குழு உறுப்பினனாகச் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். அக்குழுவில் மருத்துவம் அறியாத பொதுமனிதர் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது சட்டம். அந்த நாற்காலி எனக்கு வாய்த்தது. ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கி அனுப்பப்படும் ஒப்புதல் படிவங்களைப் படித்து, ‘இது நோயாளிக்கு விளங்குமா?’ என்று பார்த்துச் சொல்வதே அங்கு என் பணி.

பெரும்பாலும் விளங்காது. முதற்குழப்பம் தலைப்பிலேயே தொடங்கிவிடும். ‘கிளினிக்கல் ட்ரயல்’ என்பதை ‘மருத்துவப் பரிசோதனை’ என்று எழுதிவிடுவார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பரிசோதனை என்றால் என்ன? இரத்தம் எடுப்பது, சிறுநீர் கொடுப்பது. அவ்வாறே எண்ணிக் கையெழுத்திட்ட ஒருவரை நான் அறிவேன். மூன்றாம் முறை வரச்சொன்னபோதுதான், ‘இன்னும் ரிசல்ட் வரவில்லையா?’ என்று கேட்டாராம். அன்று முதல் ‘மருந்தாய்வு’ என்னும் சொல்லையே நான் வற்புறுத்தி வருகிறேன்.

மருந்தாய்வு என்பது யாது? ஒரு மருந்தோ சிகிச்சை முறையோ பயன் தருமா, தீங்கு செய்யுமா என்பது உறுதியாகத் தெரியாத நிலையில், மனிதரிடம் முறையாகக் கொடுத்துப் பார்த்து விடை காண்பது. ‘தெரியாத நிலையில்’ என்பதை நெஞ்சில் இருத்த வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவர், தமக்குத் தெரிந்ததை நமக்குச் செய்கிறார். ஆய்வு நடத்தும் மருத்துவரோ தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள நம் துணையை நாடுகிறார். அவர் இருவரும் ஒருவராகவே இருப்பதால்தான் நமக்கு மயக்கம் உண்டாகிறது. ‘டாக்டர் சொன்னார், சேர்ந்துவிட்டோம்’ என்பவர்கள், அவர் எந்த நிலையில் நின்று சொன்னார் என்று கேட்பதில்லை.

தெரியாது என்று ஒப்புக்கொள்வதால் என்ன நன்மை? அதற்கு நம் ஊரிலேயே ஒரு பெருஞ்சான்று இருக்கிறது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடித் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையமே இன்று அப்பெயர் பெற்றுள்ளது.

அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்திற்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. தூய காற்று, நல்லுணவு, நீண்ட ஓய்வு இவையின்றி நோய் தீராது என்பது மருத்துவ உலகின் திண்ணிய நம்பிக்கை. நோயாளிகளோ மிகப் பலர். படுக்கைகளோ மிகச் சில. குடும்பத்தலைவர் ஓராண்டு படுக்கையில் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? மாத்திரைகள் வந்துவிட்ட பின்னும் சானடோரியம் தேவைதானா என்று கேட்க வேண்டியிருந்தது. ‘தேவை’ என்றவர்க்கும் சான்று இல்லை. ‘தேவையில்லை’ என்றவர்க்கும் சான்று இல்லை.

வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவரின் தலைமையில் அந்த மையம் சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மறு பிரிவினர் தத்தம் வீட்டில். இரு பிரிவினர்க்கும் ஓராண்டுக் காலம் அதே மருந்துகள்: ஐசோநியாசிட், பாஸ். யார் எப்பிரிவு என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை, நோயாளியும் செய்யவில்லை, குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையே முடிவு செய்தது. வீட்டில் இருந்தோர் மருந்து உண்கிறார்களா என்று அறியச் சொல்லாமல் வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்தின் தடம் உண்டா என்று பார்த்தார்கள்.

முடிவுகள் 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தன. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர்க்கும், வீட்டில் நூற்றுக்கு 86 பேர்க்கும் நோய் அடங்கியிருந்தது. ஆறு குறைகிறதே என்பீர்கள். இவ்வளவு சிறு தொகையினரிடம் ஆறு என்பது தற்செயலாகவும் நேரக்கூடிய வேறுபாடு என்று கணக்கறிந்தோர் காட்டினர். வீட்டில் இருந்தோர் உண்ட உணவு குறைவு, ஓய்வு குறைவு, நெரிசல் மிகுதி. அப்படியிருந்தும் ஏறத்தாழ அதே பலன். உடனிருந்த பிள்ளைகளுக்கும் உறவினர்க்கும் தொற்று மிகுமோ என்ற அச்சத்தையும் தொடர்ந்து பார்த்தார்கள். சிகிச்சை தொடங்கிய பின் வீட்டில் இருப்பதால் அவர்களுக்குத் தனியே ஆபத்து கூடவில்லை. காசநோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகம் ஏற்றுக்கொண்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு முதன்மையான காரணம். இன்று மாத்திரையை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் காசநோயாளி ஒவ்வொருவரும், பெயர் தெரியாத அந்த 193 பேருக்குக் கடன்பட்டவர்.

அன்று இன்றுள்ள படிவங்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனமே 1964-இல்தான் பிறந்தது.

எல்லா ஆய்வும் ‘பயன் உண்டு’ என்று முடிவதில்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் பி.சி.ஜி. தடுப்பூசியை ஆராய்ந்தனர். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று கண்டனர். கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளிலிருந்து காப்பதற்காக அது இன்றும் போடப்படுகிறது. தாய்மார்கள் அதை நிறுத்திவிட வேண்டாம்.

இனிப் படிவத்தில் அடிக்கடி இடறும் சொற்கள் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, சற்றுமுன் சொன்ன சமவாய்ப்பு முறை. ‘எனக்குப் புது மருந்தே கொடுங்கள்’ என்று கேட்க இயலாது. தெரிந்தவர் மூலம் சொல்லியும் பயனில்லை. பலர் சிபாரிசுக்கு என்னிடம் வந்திருக்கிறார்கள்! புது மருந்தே மேலானது என்பது தெரிந்திருந்தால் ஆய்வே வேண்டியதில்லை அல்லவா? மற்றொன்று மருந்துப்போலி: மருந்தைப் போன்றே தோன்றும், மருந்தில்லாத மாத்திரை. இதை ஏமாற்று என்று சிலர் சினங்கொள்கிறார்கள். முன்னரே சொல்லி, நாமும் இசைந்தபின் அது ஏமாற்று ஆகாது. ஆனால் ‘நல்ல மருந்து ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரை தருவீர்களா?’ என்று கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலான ஆய்வுகளில் வழக்கமான மருந்தோடு சேர்த்தே இது தரப்படும்.

ஆய்வின் படிநிலைகள் நான்கு. முதற்படியில் மிகச் சிலரிடம் மருந்தின் பாதுகாப்பைப் பார்ப்பார்கள். மூன்றாம் படியில் நூற்றுக்கணக்கானோர், ஆயிரக்கணக்கானோர். நான்காவது மருந்து விற்பனைக்கு வந்தபின். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்டால் தெரியாததன் அளவு புரிந்துவிடும்.

கேட்காமல் நடந்தவையும் உண்டு. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 2009-இல் சிறுமியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று தொடங்கி, மறு ஆண்டே நிறுத்தப்பட்டது. அத்தடுப்பூசி நல்ல தடுப்பூசியே. இங்கு நான் அதைக் குறை கூறவில்லை. பெற்றோரிடம் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் பல சிறுமியர்க்காகக் கையெழுத்திட்டிருந்ததே நாடாளுமன்றக் குழு வரை சென்ற குறை.

அதன்பின் உச்ச நீதிமன்றம் தலையிட்டது, விதிகள் இறுகின. இப்போது நடைமுறையில் உள்ளவை 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள். ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. கடுமையான தீங்கு நேர்ந்தால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்திற்குள் அரசுக்கும், நெறிமுறைக் குழுவுக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் நம்மிடம் தரப்பட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது. படிவத்தில் நியமனதாரர் பெயரைக் கேட்பார்கள். அதைக் கண்டு, ‘உயிருக்கே உலை வைக்கிறார்களோ’ என்று எழுந்துபோனவர்கள் உண்டு. இழப்பீடு தர நேர்ந்தால் அது யாரிடம் சேர வேண்டும் என்பதற்காகவே அந்தக் கட்டம்.

நம் சமூகத்தார்க்கு மட்டும் உரிய ஒன்றைச் சொல்லவே இன்று இங்கு வந்தேன்.

நம்மவரான ஓர் அம்மையார், எழுபதைக் கடந்தவர், இரவுண்ணா நோன்பு வழுவாதவர். ஓர் ஆய்வில் சேர்ந்து மாத்திரைக் கூடு உட்கொண்டு வந்தார். அந்தக் கூட்டின் உறை ஜெலட்டினால் ஆனது என்றும், ஜெலட்டின் மாடு, பன்றி இவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது என்றும் பேரன் சொல்லிவிட்டான். அவருக்கு அன்று இரவு உறக்கமில்லை. டாக்டரிடம் சொன்னால் வருந்துவாரே என்று வாய் திறக்கவில்லை. மறுநாள் முதல் உறையைப் பிரித்து எறிந்துவிட்டு, உள்ளிருந்த தூளை வெந்நீரில் கலந்து குடித்தார். இரவு வேளைக்கு உரியதைப் பொழுது சாயுமுன்னரே பகல் மருந்தோடு சேர்த்துக்கொண்டார். நாட்குறிப்பில் மட்டும் முறைப்படி உட்கொண்டதாகக் குறித்து வந்தார்.

அந்த மருந்து வயிற்றில் கரையாமல் குடலில் சென்று கரைய வேண்டும் என்பதற்காகவே அந்த உறை. இரு வேளை மருந்து ஒரு வேளையில் சேர்ந்ததும் ஆபத்து. நல்வாய்ப்பாகப் பெரிய தீங்கு நேரவில்லை, வயிற்றெரிச்சலோடு போயிற்று. ஆனால் ஆய்வேட்டில் அந்த எரிச்சல் மருந்தின் குற்றமாகப் பதிவாகியிருந்தது. உண்மை வெளிப்பட்டபோது அவர் என்னைப் பார்த்து, ‘ஐயா, நான் பொய் எழுதிவிட்டேனே’ என்று கண்கலங்கினார். கூடு எதனால் ஆனது என்று பதினெட்டுப் பக்கத் தமிழ்ப் படிவத்தில் ஓரிடத்திலும் இல்லை. அந்தப் படிவத்தைப் படித்து ‘விளங்குகிறது’ என்று ஒப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். நம்மவன் நான், எனக்கே அந்தக் கேள்வி தோன்றவில்லை.

இப்போது ஒவ்வோர் ஆய்விலும் அதைக் கேட்கிறேன். உறை எதனால்? ஊசி மருந்தாயின் விலங்குப்பொருள் உண்டா? இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து வருவது. சளிக்காய்ச்சல் தடுப்பூசிகள் பல முட்டையில் வளர்க்கப்படுபவை. இரவு மருந்தை மாலையில் உட்கொள்ளலாமா? உண்ணாநோன்பு நாள்களில் என்ன செய்வது? உணவுப் பொட்டலத்தில் இருக்கும் பச்சைப் புள்ளியை மருந்துப் பெட்டியில் எதிர்பார்க்க முடியாது, கேட்டால்தான் தெரியும். தாவரப் பொருளால் ஆன உறைகளும் உண்டு. ஆனால் ஆய்வு தொடங்கியபின் நமக்காக மட்டும் அதை மாற்ற மாட்டார்கள். ஆகவே கையெழுத்திடுமுன் கேட்டு, மனம் ஒப்பவில்லையெனில் சேராதிருங்கள். உயிர் காக்கும் சிகிச்சையில் எதை ஏற்பது என்பது அவரவர் மனச்சான்றும் முனிவர் பெருமக்களின் அறிவுரையும் சார்ந்தது; அதில் நான் தலையிடேன்.

மருந்தாய்வில் சேர்வது ஔஷத தானம் என்று சென்ற ஆண்டு இம்மேடையிலேயே அன்பர் ஒருவர் கூறினார். அழகான கருத்து. எனினும் கொடுப்பது இன்னதென்று அறியாமல் கொடுத்ததைத் தானம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆய்வு உண்மையில் பதிவானதா என்று அறிய, இந்திய மருந்தாய்வுப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. 2009 முதல் பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பிள்ளைகளைக் கணினியில் பார்க்கச் சொல்லுங்கள். ‘இன்றே கையெழுத்திடுங்கள்’ என்று எவரேனும் விரைவுபடுத்தினால், படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து வருவதாகச் சொல்லுங்கள். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பொழுது சாயுமுன் உணவு பரிமாற வேண்டும் என்று பொறுப்பாளர் கைகாட்டுகிறார். உங்களில் இருவர் படிவம் கொண்டு வந்திருப்பதாகச் சொன்னீர்கள். உணவு முடிந்ததும் கூடத்தின் வாயிற்புறத்தில் அமர்ந்திருப்பேன். முதற்பக்கத்திலிருந்தே சேர்ந்து படிப்போம்.