ஆசிரியர்க்கு ஆசிரியர்



கற்றவர் எல்லாரும் கற்பிக்க வல்லவர் ஆகிவிடுவதில்லை. தாம் அறிந்ததைப் பிறர் உளங்கொள்ள உரைப்பது தனிக் கலை. அக்கலையைப் பயிற்றுவோர் வரலாறு நம் நாட்டில் நெடியது. ஆயினும் அதிகம் பேசப்படாதது.

சென்னை எழும்பூரில் 1789 ஆம் ஆண்டில் ஓர் அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார். நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். முன்னே கற்ற மாணவனைக் கொண்டே பின்னே வருபவனுக்குக் கற்பிக்கச் செய்தார். 1797இல் அவர் இதனை நூலாக வெளியிட, இங்கிலாந்தில் இது ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது. ஆசிரியப் பயிற்சியின் வித்து இதில் உண்டு என்பேன்.

1854 ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்றது. 1856இல் சென்னையில் அத்தகைய பள்ளி ஒன்று தோன்றியது. அதுவே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. டாக்டர் இராதாகிருஷ்ணன் 1910இல் அங்கே பயிற்சி பெற்றவர் என்பது அதற்குப் பெருமை. எல். டி. என்ற பட்டம் பி. டி. ஆயிற்று, பி. டி. பின்னர் பி. எட். ஆயிற்று. 1963இல் தென்னாட்டுக்கென மைசூரில் மண்டலக் கல்வியியல் கல்லூரி எழுந்தது. 1986 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டந்தோறும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. 2015இல் ஓராண்டுப் பி. எட். படிப்பு ஈராண்டாயிற்று.

இவையெல்லாம் ஏட்டில் உள்ளவை. ஏட்டில் ஏறாத ஒன்றைப் பற்றியே நான் பேச விழைகிறேன்.

பயிற்சி மாணவர் வகுப்பு எடுக்கும்போது பயிற்றுநர் கடைசிப் பலகையில் அமர்ந்திருப்பார். அவர் கண் ஆசிரியர்மேல் இராது. பிள்ளைகளின் முகத்தின்மேல் இருக்கும். எந்தச் சொல்லில் முகங்கள் மலர்ந்தன, எந்தச் சொல்லில் வாடின என்று குறித்துக்கொள்வார். வகுப்பு முடிந்ததும் விமரிசனம் நடைபெறும். அதுவே உண்மையான பயிற்சி. அது வாய்மொழியாகவே நிகழ்ந்தது, வாய்மொழியாகவே போயிற்று.

என்னைப் போல் அப்பணியில் இருந்து ஓய்வு பெற்றோர் எங்கள் ஊரில் திங்கள்தோறும் கூடுகிறோம். ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசுவோம். கண் சிகிச்சையைப் பற்றிப் பேசுவோம். மறைந்த நண்பரை நினைந்து மௌனம் காப்போம். ஆனால் அரைமணி சென்றால் பேச்சு வகுப்பறைக்கே திரும்பிவிடும். அண்மையில் எண்பது கடந்த ஒரு பெரியவர் சொன்னார்: “நான்கு மூன்றைவிடப் பெரிது; ஆகவே கால் பங்கு மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரிது என்று குழந்தை நினைக்கும். விதியைச் சொல்லாதீர்கள். ஒரு வெல்ல அச்சை மூவருக்குப் பங்கிடுங்கள். மற்றொன்றை நால்வருக்குப் பங்கிடுங்கள். நான்காவது குழந்தை வந்து நின்றதும் மற்ற மூவரும் தாமே கணக்கை உணர்வார்கள்.”

இப்படி நூறு நுட்பங்கள் அவரிடம் உண்டு. அவற்றை எழுதிவைத்தவர் எவரும் இல்லை. எங்கள் கூட்டத்தில் ஆண்டுதோறும் சில நாற்காலிகள் காலியாகின்றன. ஒவ்வொரு நாற்காலியோடும் ஒரு நூலகம் மறைகிறது என்றால் மிகையன்று.

எனவே பயிற்சி நிறுவனங்களை நான் வேண்டுவது ஒன்றே. முதியோரை விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாதீர்கள். அவர்களைக் கடைசிப் பலகையில் அமர்த்துங்கள். இளைஞர் ஒருவர் பாடம் நடத்தட்டும். முதியவர் விமரிசனம் செய்யட்டும். மற்றொருவர் அதனைச் சொல் பிசகாமல் எழுதிக்கொள்ளட்டும். செலவு ஒரு குறிப்பேடுதான். ஆனால் அவர்களுக்குக் காலம் குறைவு; ஆதலால் இந்த ஆண்டே தொடங்குங்கள்.