மூச்சு முட்டும் முன்னே
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவர் ஆற்றிய உரை)



நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல ஆண்டுகள் பணிசெய்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல்லை நம் பெரியவர்கள் அறிவார்கள். 1924-ல் எவரெஸ்ட் மலையிலிருந்து இறங்குகையில் அவருக்குத் தொண்டை அடைத்து மூச்சு நின்றது. முன்னே சென்ற தோழரைக் கூப்பிடவும் குரல் எழவில்லை. நெஞ்சை இரு கைகளாலும் அழுத்தி, அடைப்பை வெளியே தள்ளிப் பிழைத்தார்.

நள்ளிரவில் இழுப்பு வந்தவருக்கும் இதே தவிப்புத்தான். ஆனால் ஆஸ்துமா பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. சளி பிடிக்கும், ஈரச் சுவரில் பூஞ்சை படரும், விறகடுப்புப் புகை வீட்டுக்குள்ளே தங்கும். பிள்ளை இரவில் இருமி எழும்புவான். அந்த ஓரிரு நாட்களில் என்ன செய்வதென்று வீட்டாருக்குத் தெரிந்திருந்தால், பல வேளைகளில் ஆபத்தைத் தவிர்க்கலாம்.

அதற்குத்தான் ஒரே ஒரு தாள். மருத்துவர் அவரவர்க்கு ஏற்றபடி எழுதிக் கொடுப்பது. எழுத்தறியாத தாயும் நிறம் பார்த்துப் புரிந்துகொள்வாள்.

பச்சை: இருமல், இழுப்பு இல்லை. ஆனாலும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தக் கூடாது.

மஞ்சள்: இரவில் இருமல், நடந்தால் இளைப்பு. ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர் அவருடைய சிறந்த அளவில் 80 சதவீதத்திற்குக் கீழே காட்டும். தாளில் எழுதியபடி மருந்தைக் கூட்ட வேண்டும்.

சிவப்பு: ஒரு வாக்கியம் பேச முடியவில்லை, அளவு 50 சதவீதத்திற்கும் கீழே. நிவாரண இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

நியூசிலாந்தில் மாவோரி மக்களிடையே 1990-களில் சட்டைப்பை அட்டையாகவே இத்திட்டத்தைக் கொடுத்தார்கள். இரவில் மூச்சுத் திணறி விழிப்பது அவர்களிடையே குறைந்தது.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயம் நம் ஊரில் இன்னும் உண்டு. அது தவறு. நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பதே ஆபத்து என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் எச்சரிக்கின்றன. இதை ஒவ்வொரு குடும்பத்தோடும் அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்க ஆள் வேண்டும். ஸ்பேசரும் மீட்டரும் வேண்டும்.

பிரியமானவர்களே, நீங்கள் கொடுத்த கட்டிலை உங்களுக்குக் காட்டலாம். அந்தக் கட்டிலுக்கு வராமலே வீட்டில் நிம்மதியாகத் தூங்கிய பிள்ளையை எப்படிக் காட்டுவேன்? கட்டிலுக்குக் கொடுத்த அதே மனதோடு இந்தத் தாளுக்கும் கொடுங்கள்.